குற்றவாளியின் பெயரை ஊருக்குச் சொல்லலாமா? கடற்கரைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நங்கூரமிட்டுக் கிடக்கும், ஏலக்கூடம் காலியாக இருக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றிப் பேச நான் போவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். சட்டத்தைச் சொல்லத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் யாராவது எழுந்துவிடுவார்கள்: "இந்த மாதிரி ஆட்களின் படத்தை எல்லோருக்கும் தெரியும்படி போட்டுவிட்டால் என்ன?" அந்தக் கோபத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாலியல் குற்றவாளிகள் பதிவேடு என்றால் என்ன?

பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் பெயர், படம், முகவரி, கைரேகை, செய்த குற்றம் ஆகியவற்றை அரசு ஓரிடத்தில் சேர்த்து வைப்பது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காவல் துறை மட்டும் பார்ப்பது. மற்றொன்று, கையில் போன் இருக்கும் எவரும் பார்ப்பது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பேசுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

நம் நாட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. மத்திய உள்துறை அமைச்சகம் 2018 செப்டம்பர் 20 அன்று தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அதை வைத்திருக்கிறது. தொடங்கிய அன்றே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் இருந்தன. பார்க்கும் உரிமை காவல் துறைக்கும் புலனாய்வு அமைப்புகளுக்கும் மட்டும்தான்.

"எங்கள் பிள்ளைகள், எங்கள் தெரு. நாங்கள் ஏன் பார்க்கக் கூடாது?"

தங்கச்சிமடத்துக் கூட்டம் ஒன்றில் ஒரு பெண் இப்படிக் கேட்டார். கடற்பாசி எடுக்கப் போகிறவர். விரல் நுனியெல்லாம் பாறை கீறிய தழும்பு. விடியுமுன் படகேறித் தீவுப் பக்கம் போனால் திரும்ப மதியம் ஆகிவிடும், அதுவரை இரண்டு பெண் பிள்ளைகளும் பக்கத்து வீட்டில். "யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தானே நான் நிம்மதியாகக் கடலில் இறங்க முடியும்?"

பக்கத்து வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு பாட்டி, பாட்டியின் மகன், மருமகள், கல்லூரிக்குப் போகும் பேரன். நால்வரில் யாராவது ஜெயிலுக்குப் போனவரா? "சேச்சே, எல்லோரும் நம் சொந்தம்" என்றார்.

அந்தப் பதிலை நான் எளிதில் கடந்து போவதில்லை. அந்த வீட்டார்மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் பட்டியல் எதைக் காட்டும் என்று யோசித்துப் பாருங்கள். பிடிபட்டு, வழக்கு நடந்து, தண்டனையும் பெற்றவரை மட்டும்தான் காட்டும். பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்றுதான் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை ஆண்டுதோறும் சொல்கிறது. மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். பாதிக்கும் மேற்பட்டோர், 53 விழுக்காட்டினர், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் வெளியே சொல்லவே இல்லை. சொல்லாத குற்றத்தைச் செய்தவர் எந்தப் பட்டியலிலும் ஏறப்போவதில்லை. போனில் பார்த்து "நம் தெருவில் எவரும் இல்லை" என்று அம்மா நிம்மதியாகக் கடலில் இறங்கினால், அந்த நிம்மதியை நினைத்துத்தான் நான் பயப்படுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கிறது என்கிறார்களே?

அமெரிக்காவைச் சொல்கிறார்கள். கலிபோர்னியா 1947லேயே பதிவேடு தொடங்கிவிட்டது. அது காவல் துறைக்கானது. 1989இல் மின்னசோட்டா மாநிலத்தில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். அவன் பெயரால் 1994இல் வந்த சட்டம் எல்லா மாநிலங்களையும் பதிவேடு வைக்கச் சொன்னது. அதே ஆண்டு நியூஜெர்சியில் மேகன் கான்கா என்ற ஏழு வயதுச் சிறுமியை எதிர் வீட்டுக்காரர் கொன்றார். அவர் முன்பே இதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் என்பது பெற்றோருக்குத் தெரியாது. "தெரிந்திருந்தால் என் மகள் இருந்திருப்பாள்" என்று ஒரு தாய் கேட்டால் எந்தச் சட்டமன்றம் மறுக்கும்? 1996இல் மேகன் பெயரால் வந்த சட்டம், இப்படிப்பட்டவர்களைப் பற்றி ஊருக்கு அறிவிப்பதை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2006இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் பட்டியலில் இருக்க வேண்டிய காலத்துக்கு, குற்றத்தைப் பொறுத்து 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுள் முழுவதும் என மூன்று படிகளை வைத்தது. இன்று அங்கே ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஜேக்கப்பின் தாய் பேட்டி வெட்டர்லிங் பிற்காலத்தில், சட்டம் எல்லாரையும் ஒரே வலையில் வாரிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். மகனின் உடல் எச்சங்கள் 2016இல்தான் கிடைத்தன. அத்தனை ஆண்டு காத்திருந்த தாய் சொன்னது என்பதால் அதற்கு நான் தனி எடை கொடுக்கிறேன்.

அதனால் அங்கே குற்றம் குறைந்ததா?

விலாங்கு மாதிரி நழுவும் கேள்வி. ஒரு வரியில் சொல்லச் சொல்லிக் கேட்பவர்களுக்குத் தலையும் காட்டலாம், வாலும் காட்டலாம்.

ப்ரெஸ்காட், ராக்காஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 15 மாநிலங்களின் தரவை அலசி 2011இல் எழுதினார்கள். காவல் துறையிடம் பதிவு செய்ய வைப்பது பலன் தந்தது. ஏற்கெனவே தண்டனை பெற்றவர் தம் சுற்றுவட்டத்தில் மறுபடி குற்றம் செய்வது குறைந்தது. அதே பட்டியலை ஊருக்குத் திறந்தபோது விளைவு இரண்டாகப் பிரிந்தது. இதுவரை குற்றம் செய்யாதவர்கள் அவமானத்துக்குப் பயந்து ஒதுங்கினார்கள் என்று தெரிகிறது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்கள் மறுபடி குற்றம் செய்வது கூடியதற்கான அடையாளம் தெரிந்தது. மேகன் சட்டம் பிறந்த நியூஜெர்சியிலேயே 2008இல் முடிந்த ஆய்வு, மீண்டும் குற்றம் செய்வதில் அந்தச் சட்டத்தால் மாற்றம் ஏதும் தெரியவில்லை என்றது.

ஏன் கூடியது? வேலை இல்லை, வீடு இல்லை, பேச ஆள் இல்லை, இழக்கவும் ஒன்றும் இல்லை. கரை சேர முடியாதவனைக் கடலுக்குள்ளேயே தள்ளினால் அவன் என்ன செய்வான்?

"ஒருமுறை செய்தவன் மறுபடியும் செய்வான்" என்பது உண்மைதானே?

சிலர் செய்வார்கள், அவர்களைக் காவல் துறை கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எல்லோரும் செய்வார்கள் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. அமெரிக்க நீதித் துறையின் புள்ளியியல் பிரிவு, 1994இல் 15 மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 9,691 ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. மூன்று ஆண்டுக்குள் பாலியல் குற்றத்துக்காக மறுபடி கைதானவர்கள் 5.3 விழுக்காடு. கைதாகாமல் தப்பியவர்களும் இருப்பார்கள், மூன்று ஆண்டு குறுகிய காலமும்தான். ஆனாலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002இல் ஒரு தீர்ப்பில் எடுத்துக்காட்டிய, மறுபடி குற்றம் செய்வோர் 80 விழுக்காடு வரை என்ற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? தேடிப் போனவர்கள் கண்டது, 1986இல் ஒரு பொதுப் பத்திரிகையில் சிகிச்சையாளர் ஒருவர் ஆதாரம் எதுவும் காட்டாமல் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. ஊர்ப்பேச்சு நீதிமன்றம் ஏறிய கதை இது.

குழந்தையின் மானத்தைவிட அவன் மானம் பெரிதா?

இல்லை. இந்தக் கேள்வியை நான் அவன் பக்கமிருந்து பார்ப்பதே இல்லை. குழந்தையின் பக்கமிருந்து பார்த்துத்தான் வேண்டாம் என்கிறேன்.

நம் கடற்கரை ஊர்கள் எப்படி இருக்கின்றன? ஒரு தேவாலயத்தைச் சுற்றியோ பள்ளிவாசலைச் சுற்றியோ காளி கோயிலைச் சுற்றியோ ஐம்பது அறுபது வீடுகள். பாதிப் பேர் மாமன் மச்சான். யார் வீட்டு வல்லத்துக்கு யார் வலை கொடுத்தார் என்பதுவரை தெரியும். அந்த ஊரில் ஒருவர் பெயரைப் போட்டு, வயது போட்டு, "பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமி, 2021" என்று பட்டியலில் எழுதினால், அந்தச் சிறுமி யார் என்று கண்டுபிடிக்க அடிபம்பில் ஒரு குடம் நிறையும் நேரம் போதும். குற்றவாளியின் பெயரைச் சொல்வதும் குழந்தையின் பெயரைச் சொல்வதும் சென்னை மாநகரில் வேறு வேறாக இருக்கலாம். மூக்கையூரில் இரண்டும் ஒன்றுதான்.

சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், படம், முகவரியோடு, குடும்பம், பள்ளி, அண்டை அயல் விவரங்களையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் குறைந்தது ஆறு மாதச் சிறை. சிற்றூர்க் குற்றவாளிப் பட்டியல் அந்தப் பிரிவைப் பின்வாசல் வழியாக மீறுவதாகவே முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செய்தவர் சித்தப்பாவாகவோ தாய்மாமனாகவோ சில வேளைகளில் தகப்பனாகவோ இருக்கிறார். அம்மா இப்போதே தயங்கித் தயங்கித்தான் புகார் கொடுக்க வருகிறார். "இது நாளைக்கு இணையத்தில் வருமா? வீட்டு முகவரியும் வருமா? மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்." வரும் என்று நான் சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். புகார் இருக்காது, வழக்கு இருக்காது, பிள்ளை அதே வீட்டில் அதே ஆளோடு இருக்கும்.

தண்டனை முடிந்த பிறகும் பட்டியலில் வைப்பது இன்னொரு தண்டனை இல்லையா?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல் அலாஸ்கா வழக்கில் இது தண்டனை அல்ல, நிர்வாக ஏற்பாடு என்றது. 2016இல் மிச்சிகன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கட்டுப்பாடுகள் கூடிக்கூடி இது தண்டனையாகவே ஆகிவிட்டது என்றது. பிரிட்டனில் உச்ச நீதிமன்றம் 2010இல், மறுஆய்வுக்கு வழியே இல்லாமல் ஆயுள் முழுக்கப் பதிவில் வைப்பது மனித உரிமைக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அந்த மூன்றாவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. வைத்திருங்கள், ஆனால் எப்போதாவது திரும்பிப் பாருங்கள்.

ஓடிப்போய்த் திருமணம் செய்த பையன்களும் பட்டியலில் வருவார்களா?

வருவார்கள். போக்சோவில் 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தை. சம்மதம் கணக்கில் இல்லை. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் பஸ் ஏறி மதுரைக்குப் போனால், பெண் வீட்டார் புகார் கொடுத்து வழக்கில் தண்டனையும் ஆனால், அவன் பாலியல் குற்றவாளி. சாதி வேறாக இருந்தால் புகார் இன்னும் வேகமாக வரும், இது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2021இல் விஜயலட்சுமி வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்தார். வளரிளம் பருவத்தினரின் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்றார். எல்லா வழக்கும் உயர் நீதிமன்றம் வரை போவதில்லை.

2006இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். கனடாவிலிருந்து வந்த இருபது வயது இளைஞர் ஒருவர் பொதுப் பதிவேட்டில் முகவரி எடுத்து, இருவரின் வீடு தேடிப்போய்ச் சுட்டுக் கொன்றார். இருவரில் ஒருவருக்கு வயது 24. பட்டியலில் அவர் இருந்த காரணம், பதினாறு வயது நிறையச் சில நாட்களே இருந்த காதலியோடு உறவு கொண்டது.

அரசு போடாவிட்டால் வாட்ஸ்அப்பில் நாங்களே போட்டால்?

தயவுசெய்து வேண்டாம். 2018 மே மாதத்தை மறந்துவிட்டோமா? பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக ஒரு வதந்தி. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்துக் கூட்டம் அடித்தே கொன்றது. பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதுவும் கடற்கரை ஊர்தான். இருவரும் யாருக்கும் எதுவும் செய்தவர்கள் அல்லர்.

படித்த நாடுகளிலும் கூட்டம் கூட்டம்தான். 2000இல் பிரிட்டனில் ஒரு பத்திரிகை குற்றவாளிகளின் படங்களை வரிசையாகப் போட்ட கோடையில், வேல்ஸில் ஒரு குழந்தைநல மருத்துவரின் வீட்டுக் கதவில் வசை எழுதினார்கள். மருத்துவப் பட்டத்துக்கும் குற்றத்துக்குமான ஆங்கிலச் சொற்கள் ஒன்றுபோல் தொடங்கும், அவ்வளவுதான்.

என் போனுக்கும் ஒருமுறை ஒரு படம் வந்தது. "இவன் நம் பகுதியில் சுற்றுகிறான், உஷார்." மூன்று குழுக்களில் வந்தது. படத்தில் இருந்தவர் ஐஸ் பெட்டி ஏற்றும் மினி லாரி ஓட்டுநர். எங்கோ நடந்த வழக்கில் தேடப்பட்டவரின் பெயர் இவருக்கும் இருந்தது. இரண்டு வாரம் துறைமுகப் பக்கமே வரவில்லை. மன்னிப்புக் கேட்டுப் போட்ட செய்தியை எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர்.

ஊர்க்கூட்டத்தில் அபராதம் போட்டு ஒதுக்கி வைத்துவிடுகிறோம். அது போதாதா?

போதாது, குற்றமும்கூட. தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோவின் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைக்குரியது. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. இரு தரப்பும் சமரசம் ஆனது என்று சொல்லி வழக்கை முடிக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊர்த்தலைவர்களுக்கு இதைச் சொல்லும்போது முகம் மாறும். மாறட்டும். ஐம்பதாயிரம் ரூபாயை ஊர்ப்பணத்தில் சேர்த்துத் திருவிழாவுக்கு மைக் செட் போடுவதா அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த நீதி?

விடுதலையாகி வந்தவர் எங்கேதான் போவார்?

ஊர் விரட்டினால் ஏதாவது ஒரு பாலத்துக்கடியில். கேலியாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மியாமி பகுதியில் பள்ளிகளிலிருந்து 2,500 அடிக்குள் வசிக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். ஊரில் அப்படி இடமே இல்லாமல் போய், கடலின் மேல் போகும் ஜூலியா டட்டில் பாலத்தின் அடியில் பத்துப் பத்தாகச் சேர்ந்து குடிசை போட்டார்கள். 2010 வரை அந்தக் குடியிருப்பு இருந்தது. பாம்பன் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். முகவரி தெரிந்த ஆளைக் காவல் துறை கண்காணிக்கலாம். முகவரியே இல்லாத ஆளை?

அப்படியானால் எதுவுமே தெரிந்துகொள்ள முடியாதா?

நடு வழி ஒன்றை பிரிட்டன் வைத்திருக்கிறது. 2000இல் கொல்லப்பட்ட சாரா பெய்ன் என்ற சிறுமியின் பெயரால் அழைக்கப்படும் ஏற்பாடு. 2008இல் சோதனையாகத் தொடங்கி 2011இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க வந்தது. என் பிள்ளையோடு பழகும் இந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று காவல் துறையிடம் கேட்கலாம். ஆபத்து உண்டு என்று காவல் துறை முடிவு செய்தால், பிள்ளையைக் காப்பாற்றும் நிலையில் இருப்பவருக்கு மட்டும் சொல்வார்கள். கேட்டதை அவர் பரப்பக் கூடாது. இங்கே இப்படி ஒன்று வந்தால் நான் ஆதரிப்பேன். தெருவுக்கே கொடுப்பதற்கும் தேவைப்படும் அம்மாவுக்கு மட்டும் கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

டியூஷன் வாத்தியாரை, வேன் ஓட்டுநரை எப்படிச் சரிபார்ப்பது?

நம்மிடம் ஏற்கெனவே ஓர் ஆயுதம் இருக்கிறது, துருப்பிடித்துக் கிடக்கிறது. போக்சோ விதிகள் 2020, மூன்றாம் விதி: குழந்தைகளைத் தங்க வைக்கும், அல்லது குழந்தைகளோடு அடிக்கடி தொடர்புள்ள எந்த நிறுவனமும் தன் ஊழியர்கள் அனைவரையும் காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும், அதையும் அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும். பள்ளி, விடுதி, விளையாட்டுப் பயிற்சி மையம் எல்லாம் இதில் வரும். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து "வேன் ஓட்டுநருக்கும் காவலாளிக்கும் சரிபார்ப்புச் சான்று இருக்கிறதா, கடைசியாக எப்போது வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் கோப்பை எடுத்து வருவார்கள். காவல் துறையின் மூடிய பதிவேடு உங்களுக்குப் பயன்படும் இடம் இதுதான். வீட்டில் நடக்கும் தனி டியூஷனுக்கு இந்த விதி எட்டாது. அங்கே கதவு திறந்திருக்கட்டும், பிள்ளைகள் கூட்டமாக உட்காரட்டும், நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய் நில்லுங்கள்.

என் பிள்ளை வந்து சொன்னால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நம்புங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று அந்த நேரத்தில் வாயில் வருவதை விழுங்குங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். 112 காவல் துறை. காவல் நிலையத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. போக்சோவின் 24ஆம் பிரிவின்படி, வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வந்து வாக்குமூலம் பதிய வேண்டும். கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, காக்கி உடுப்பு இல்லாமல். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்லி போனிலேயே கேளுங்கள். இது சட்டத்தில் இல்லை, நான் சேர்த்தது. ஜீப் வாசலில் நின்றால் மறுநாள் ஏலத்தில் மீனைவிட அதுதான் முதலில் விலைபோகும்.

அந்தக் கடற்பாசி எடுக்கும் அம்மா என்ன செய்தார்?

இதையும் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியோடு பேசினாராம். பிள்ளைகள் இப்போது உள் அறையில் இல்லாமல், பாட்டி கருவாடு காயவைக்கும் முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். மூத்தவளுக்கு 1098 மனப்பாடம். தங்கைக்கு நான்கு இலக்கம் தொடர்ச்சியாக வருவதில்லை. 1089 என்கிறாள், அக்கா திருத்துகிறாள்.